ரூபி கேட்ட கேள்வியும் ஒரு கிரேக்கச் சொல்லும்

நேற்றுக் காலை ரத்தப் பரிசோதனைக்கு ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு என் கையில் தடவினாள். ஊசி ஏறியது எனக்குத் தெரியவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஆவடியில் இருக்கிற இந்த வீடு போய்விட்டது. அம்பத்தூரில், நம் பள்ளிக்கூடத்து லேபில், உனக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஸ்பிரிட் விளக்கு. அதன்மேல் பீக்கரில் நமக்கு டீ கொதிக்கிறது. தலைமை ஆசிரியை வருகிறாரா என்று நீ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

"ரொம்ப வலிக்குதாம்மா? கண்ணுல தண்ணி வருதே" என்றாள் அந்தப் பெண். இல்லை என்றேன். அவள் போனபின் காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். நீ போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. உயிரோடு இருந்தபோது உனக்குச் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது.

அறுபதுகளின் கடைசியில்தான் நீ எங்கள் பள்ளிக்கு வந்தாய். நீ விஞ்ஞானம், நான் தமிழ். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வகுப்பு நம் இருவருக்கும் ஓய்வு. ஆசிரியர் அறையில் எப்போதும் மற்றவர்களின் மாமியார்களைப் பற்றிப் பேச்சு நடக்கும். அதிலிருந்து தப்பித்து நான் லேபுக்கு வர ஆரம்பித்தேன். முதல் நாளே நீ ஒரு தடித்த சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாய்.

"என்ன டீச்சர், கணக்கா?"

"இல்ல டீச்சர். எங்க வேதம், பைபிள். கிரேக்கத்துல இருக்கு."

"கிரேக்கம் எங்க படிச்சீங்க?"

"எங்கயும் படிக்கல. எழுத்து பாதி எனக்கு முன்னாடியே தெரியும். லாம்டா, தீட்டா, ஒமேகான்னு தினமும் போர்டுல எழுதறேனே. மீதியையும் கத்துக்கலாம்னு தோணிச்சு."

மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது அது. கூடவே அட்டை போன ஓர் இலக்கணமும், ஓரமெல்லாம் கரையான் தின்ற ஓர் அகராதியும். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். "பொறந்ததுலேருந்து இந்த வார்த்தையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போச்சு. அந்த மொழியில ஒவ்வொண்ணா எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது மறுபடியும் கேக்குது" என்றாய்.

ஒரு மாதத்துக்குள் 'டீச்சர்' போய் 'வா, போ' வந்துவிட்டது. என்னை 'பண்டிதரே' என்று கூப்பிட ஆரம்பித்தாய். உனக்கு என்னிடம் வேலை இருந்தது. கிரேக்கச் சொல்லைப் பிரித்து அதன் உள்பொருளைச் சொல்வாய். அதற்குச் சரியான தமிழ் நான் தேட வேண்டும். குங்குமம் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிற எனக்கு உன் வேதத்தில் என்ன வேலை? சொல்லின் ருசிக்காக வந்தேன். பிறகு உனக்காக வந்தேன்.

முதலில் மாட்டியது 'பொறுமை'. அதற்குக் கிரேக்கத்தில் இரண்டு துண்டாம். கீழே என்று ஒன்று, நிலைத்திருப்பது என்று ஒன்று. சுமைக்கு அடியில் நகராமல் நிற்பது. "பொறுமைன்னா எங்க சபையில சும்மா இருன்னு அர்த்தம் பண்ணி வெச்சிருக்காங்க" என்று நீ குறைப்பட்டாய். நான் சிரித்தேன். "தமிழ்லயும் அதேதான். பொறுக்கிறதுன்னா சுமக்கிறது. சொல் சரியாத்தான் இருக்கு. நாமதான் தேய்ச்சுட்டோம்" என்றேன். நீ மேஜையைத் தட்டினாய். பீக்கர் கவிழ்ந்து டீயெல்லாம் கொட்டியது. அன்று நாம் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு எத்தனை முறை சிரித்திருப்போம்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சனிக்கிழமைகளில் மண்ணூர்பேட்டையில் உன் வீட்டுக்கு வருவேன். உன் கணவர் சாமுவேல் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிட்டர். நான் வருவதைப் பார்த்ததும், "வாங்க டீச்சரம்மா, இன்னிக்கு இன்னா வார்த்த?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விடுவார். உன் ஒரே மகள் ரூபி என்னோடு பல்லாங்குழி ஆட உட்காருவாள். அவளுக்கு மூக்கின்மேல் கோபம். தோற்றால் சோழியை எல்லாம் வாரிக் கூரைக்கு எறிவாள். "ஏசப்பாவுக்குக் கோவக்காரப் பிள்ளைங்களப் பிடிக்காது" என்று நீ அதட்டுவாய். ரூபி உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சோழியாகப் பொறுக்குவாள். சாதாரணமாக எல்லா அம்மாக்களும் சொல்வதைத்தான் நீயும் சொன்னாய்.

அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது தொண்டை வலி வந்து காய்ச்சல் அடித்தது. முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கின. காய்ச்சல் விட்டது, வீக்கமும் வடிந்தது. நாம் மறந்துவிட்டோம். ஐந்தாறு மாதம் கழித்து, அவளும் படித்த நம் பள்ளி மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துகொண்டு, "அம்மா, மூச்சு வர மாட்டேங்குது" என்றாள். மூட்டில் வந்த காய்ச்சல் இதயத்தைத் தொட்டுவிட்டது, ஒரு வால்வு பழுதாகிவிட்டது என்றார்கள் நகரத்து ஆஸ்பத்திரியில். கொஞ்சம் உடம்பு தேறட்டும், அறுவை செய்து பார்க்கலாம் என்றார்கள்.

சாமுவேல் என்னைப் பார்த்துக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னா டீச்சரம்மா இது? குழாயில வால்வு பூட்ச்சின்னா அர அவர்ல கயட்டி மாத்திட்டு வந்துகினே இருப்பேன். கொயந்த நெஞ்சுல கீறத நான் இன்னா பண்ணுவேன்?" அவருடைய இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன.

உன் சபைப் பெண்கள் வாரந்தோறும் வந்து ஜெபித்தார்கள். நல்லவர்கள்தான். கஞ்சி கொண்டுவந்தார்கள், துணி துவைத்துக் கொடுத்தார்கள். போகும்போது மட்டும் யாராவது ஒருத்தி, "விசுவாசம் குறையக் கூடாது. குறைஞ்சாப் பிள்ளைக்குச் சுகம் கிடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போவாள். போதகரும் வந்து பொறுமையாயிருக்கச் சொன்னார். மறுநாள் லேபில் நீ என்னிடம், "கீழே நில்லுங்கறாரு. நிக்கறேன். இன்னும் எவ்வளவு நேரம்னு யாராவது சொன்னாத் தேவலை" என்றாய்.

அந்த நாட்களில்தான் கன்னியம்மாள் பேசியது. கள்ளிக்குப்பத்திலிருந்து வந்துகொண்டிருந்த நம் பள்ளி ஆயா. லேபுக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு நின்றாள். உன் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"எம் பொண்ணும் இப்டித்தான் டீச்சர்ம்மா, ஜொரத்துல பூட்ச்சி. பன்னெண்டு வர்சம் ஆவுது. இன்னும் வவுறு பத்திகினு எரியுது. அல்லாரும் மன்சு மன்சுன்றாங்கோ. எனுக்கு அல்லாம் இங்கதான் கீது." தொப்புளுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக் காட்டினாள்.

நீ எழுந்தே விட்டாய். அவள் போனதும் புத்தகத்தைப் புரட்டி ஓரிடத்தைக் காட்டினாய். ஒரே மகனைப் பறிகொடுத்த விதவையை உங்கள் இயேசு வழியில் பார்க்கிற இடம். தமிழில் 'மனதுருகி' என்று இருக்கிறது. கிரேக்கத்தில் மனசே இல்லை என்றாய். குடலைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்த வினை அது. "இவ்வளவு நாளா இதுக்குத் தமிழ் கிடைக்கலைன்னு உன்ன நச்சரிச்சேனே. கன்னியம்மா கையை வெச்சுக் காட்டிட்டுப் போறா. அவருக்கு வயிறு எரிஞ்சிருக்கு. பெத்தவளுக்கு எரியற மாதிரி." சொல்லிவிட்டு உன் வயிற்றிலேயே கையை வைத்துக்கொண்டாய். "ஆனா அந்த விதவையோட செத்த பிள்ளை எழுந்து உட்கார்ந்துட்டான்" என்று மெதுவாகச் சொன்னாய்.

ரூபி தேறவில்லை. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருந்தீர்கள். கழுத்து நரம்பு துடிப்பது வாசலிலிருந்தே தெரியும். மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். ஒரு நாள் நான் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தேன். டாக்டர் கூப்பிட்டார் என்று நீயும் சாமுவேலும் போனீர்கள். அவள் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும்.

"அத்தை, இப்போ எங்க கிளாஸ்ல எல்லாரும் ஸ்கிப்பிங் ஆடுவாங்க இல்ல?"

"ஆமாண்டா கண்ணு."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "எனக்குக் கோவம் கோவமா வருது."

"யார் மேலம்மா?"

"ஏசப்பா மேலன்னு நினைக்கிறேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. கோவப்படலாமா அத்தை?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். அன்று யோசிக்கவே இல்லை. வேறு வீட்டுச் சாமி. அந்தச் சாமிக்குக் கோபம் வந்து, இருக்கிற மூச்சையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டால்? எனக்குப் பயம். "கூடாதும்மா. சாமி மேல கோவப்படக் கூடாது. நல்ல பிள்ளைங்க கோவப்படாது" என்றேன்.

"சரி அத்தை" என்றாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நீங்கள் திரும்பி வந்தபோது அப்படியேதான் இருந்தாள். "தூங்கறாளா?" என்று நீ கேட்டாய். ஆமாம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, எட்டாம் வகுப்புக்கு நான் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது.

அடக்கத்தில் பாட்டுப் பாடினார்கள். பெட்டி அவ்வளவு சின்னது. அழாதீர்கள், அழுவது அவிசுவாசம் என்று யாரோ சொல்ல, நீ அழாமல் நின்றாய். உன் பொறுமையைப் பற்றி எல்லோரும் மெச்சிப் பேசினார்கள். நான் உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது கட்டைபோல் இருந்தது. சாமுவேல் குழியருகே வரவே இல்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதோடு சபைக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

அவள் கேட்டதை உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒன்றரை மாதம் தவித்தேன். சொன்னால் உனக்கு வலி. சொல்லாவிட்டால் உன் மகள் என்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சை நான் திருடி வைத்துக்கொள்கிறேன். ஒரு மதியம் லேபில் சொல்லிவிட்டேன். அவள் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும், அவள் திரும்பிக்கொண்டதையும். நீ சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனாய். அதன் பிறகு எட்டு நாள் லேப் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நான் தட்டவில்லை.

ஒன்பதாம் நாள் நீயே வந்து ஆசிரியர் அறை வாசலில் நின்றாய். "பண்டிதரே, வா" என்றாய். மேஜையில் புத்தகம் திறந்திருந்தது. லாசரு என்கிற நண்பன் செத்து நாலு நாள் கழித்து, அழுகிற அவன் தங்கைக்கு முன்னால் உங்கள் இயேசு நிற்கிற இடம். ஒரு சொல்லின் அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"தமிழ்ல இதுக்குக் 'கலங்கி'ன்னு இருக்கு. நான் அகராதி பார்த்தேன். அந்தக் காலத்துல குதிரை கோபத்துல மூக்கால சீறுமே, அதுக்குச் சொல்ற சொல்லாம். ஒருத்தரைக் கண்டிப்பா அதட்டறதுக்கும் இதே சொல். இது வெறும் துக்கம் இல்ல. கோபம். கல்லறைகிட்டப் போகும்போது இன்னொரு தடவை அதே சொல் வருது. நடுவுலதான் கண்ணீர். முதல்ல கோபம், அப்புறம் கண்ணீர், மறுபடியும் கோபம். இந்த வரிசையை எனக்கு யாருமே சொல்லல."

"எப்போ கண்டுபிடிச்ச?"

நீ அந்தப் பென்சில் கோட்டின்மேல் விரலை வைத்தாய். "இது இந்த வாரம் போட்ட கோடு இல்ல. ரூபி படுக்கையில விழறதுக்கு முன்னாடியே போட்டது. அப்போ பார்த்தேன், பயமா இருந்துச்சு, பக்கத்தைத் திருப்பிட்டேன். உனக்குத் தெரியாது, நீ கூடாதுன்னு சொன்ன. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவகிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. ஏசப்பாவுக்குக் கோவக்காரப் பிள்ளைங்களப் பிடிக்காதுன்னுதான் சொல்லிச் சொல்லி வளர்த்தேன்."

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "யார் மேல கோபம் அவருக்கு?" என்றேன்.

"சாவு மேலன்னு சில பேர் சொல்றாங்க. அழறவங்களுக்கு விசுவாசம் இல்லைன்னு அவங்க மேலன்னு சில பேர். சொல்லை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியல. எனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும். எனக்கு வேணும்கறதுக்காக அதுதான் சரின்னு சொல்லிட முடியுமா?"

அந்த நேரத்திலும் நீ உன் பக்கம் ஒரு சொல்லைக்கூட வளைக்கவில்லை. வருத்தத்தில் இருப்பவர்கள் எதையும் நம்புவார்கள் என்று பிறகு உன்னைப் பற்றிப் பேசியவர்கள் இதை அறியமாட்டார்கள்.

அதற்குத் தமிழ் தேடினோம். சினந்து என்றேன், சீறி என்றேன், உறுமி என்றேன். எதிலும் துக்கம் இல்லை என்று தள்ளினாய். கடைசியில் 'குமுறி' என்றேன். இடி குமுறும், கடல் குமுறும், வெளியே சொல்ல முடியாத கோபமும் துக்கமும் ஒன்றாய்க் கலந்து நெஞ்சுக்குள் குமுறும். நீ மூன்று தடவை சொல்லிப் பார்த்தாய். மூன்றாவது தடவை உன் குரல் உடைந்தது. அடக்கத்தன்று அழாத நீ, ஸ்பிரிட் விளக்கைப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, மேஜையில் தலையை வைத்துக் கத்தினாய். அது அழுகை மட்டும் இல்லை. பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோனது. கன்னியம்மாள் வந்து கதவைச் சாத்திவிட்டு, யாரையும் விடாமல் வெளியே நின்றுகொண்டாள். நான் உன் முதுகில் கை வைத்திருந்தேன். வேறு என்ன செய்ய முடிந்தது?

உங்கள் பெண்கள் சங்கக் கூட்டத்தில் உன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். துக்கத்தைத் தாங்கிய விதத்தைச் சொல்வாய் என்று எதிர்பார்த்தார்கள். துணைக்கு வந்த நான் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். நீ எழுந்து, அந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் ஐந்து நிமிஷம் பேசினாய். வகுப்பில் பேசுகிற அதே குரல். கடைசியில், "என் மகள் கோபத்தோட செத்தா. கோபப்படறது தப்புன்னு நினைச்சுக்கிட்டே செத்தா. கல்லறைக்கு முன்னால அவரும் குமுறினார்னு நான் அவளுக்குச் சொல்லல. உங்க பிள்ளைங்களுக்காவது சொல்லுங்க" என்றாய்.

போதகர் எழுந்தார். "சகோதரி துக்கத்துல பேசறாங்க. நம்ம வேதத்துல கலங்கினார்னு இருக்குது. நமக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டுப் பாட்டு நம்பர் சொன்னார். அவர் குரலில் கடுமை இல்லை. உண்மையாகவே உன்மேல் இரக்கப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வாரம், "உங்களுக்கு ஓய்வு வேணும்மா" என்று சொல்லி, நீ ஏழு வருஷமாக ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடத்திய ஓய்வுநாள் பள்ளி வகுப்பை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள்.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் உன்னை வீட்டில் விட வந்தேன். சாமுவேல் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். நீ சொன்னாய். அவர் துணியைக் கீழே போட்டுவிட்டு உன்னையே பார்த்தார்.

"அவுருக்கே கோவம் வந்துச்சா?"

"வந்திருக்கு."

"மெய்யாலுமா? எய்திக்கீதா?"

"எழுதியிருக்கு."

"அத்த எவனுமே சொல்லல" என்றார். சைக்கிள் பாரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அவர் தோள் குலுங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னோடு சபைக்கு வந்தாராம். பெண்கள் பக்கத்தில் உன் பெஞ்சில் மட்டும் இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்ததாம். ஆண்கள் பக்கம் போகாமல், நேராக வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம். மறுநாள் நீ அதைச் சொன்னபோது உன் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்துபோனது.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. ரூபியின் வயதுப் பெண்கள் ஒவ்வொரு வருஷமும் வகுப்பு மாறிப் போவதை நீ பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினாய். எழுபதுகளின் நடுவில் சாமுவேலுக்கு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்துப் போய்விட்டீர்கள். கார்டு போட்டுக்கொண்டோம். பிறகு எனக்கும் குடும்பம், வேலை. இரண்டு கார்டுக்கு ஒன்று பதில் போட்டேன்.

மஞ்சள் காமாலை முற்றி நீ போன செய்தி, எல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்து வந்தது. பஸ் பிடித்து ஓடிவந்தேன். சாமுவேல் என் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். "உங்கள ஒரு தபா பாக்கணும்னுகினே இருந்தா டீச்சரம்மா. நல்லாயிடும்னு நென்ச்சி நான்தான் லெட்டர் போடாம உட்டுட்டேன்" என்றார். எதற்குப் பார்க்க வேண்டும் என்றாய் என்று அவருக்கும் தெரியவில்லை. அந்த லேபில் நீ என்மேல் குற்றமில்லை என்பதுபோல்தான் பேசினாய். ஆனாலும் என்னை மன்னித்தாயா என்று நான் உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க நினைக்கும்போதெல்லாம் வேறு பேச்சை எடுத்திருக்கிறேன்.

எனக்குக் கிரேக்கம் தெரியாது. நீ கொடுத்த இந்த மூன்று சொற்கள்தான் தெரியும். அவற்றை வைத்துக்கொண்டு எந்தச் சாவையும் நிறுத்த முடியவில்லை. என் கணவர் போனபோதும் முடியவில்லை.

போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் இளம்பெண்ணின் கணவன் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனான். தெருவே கூடி நின்று அவளுக்கு ஆறுதல் சொன்னது. விதி என்றார்கள், சாமி கணக்கு என்றார்கள். எல்லோரும் போனபின் நான் அவளருகே உட்கார்ந்தேன். அவள் பூஜை அலமாரியைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அழுகையே வரலம்மா. அந்தப் படத்தையெல்லாம் எடுத்துத் தெருவுல போட்டு உடைக்கணும் போல இருக்கு. இப்படி நினைக்கலாமா?" என்று கேட்டாள்.

நினைக்கலாம் என்றேன். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துப் பல்லைக் கடித்தாள். என் புடவைத் தலைப்பு அவள் வாய்க்குள் போனது. விடிந்ததிலிருந்து அவளுக்குள் இருந்தது அப்போதுதான் சத்தமாக வெளியே வந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அது அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.